ஃபிராங்கன் சாப்பாடும் பீரும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் இருக்கிற எர்லாங்கனுக்கு நான் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு அக்டோபரிலும் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு கூட்டம் வந்து இறங்கும். பல்கலைக்கழகத்தில் படிக்க வருகிறவர்கள், மருத்துவக் கருவி செய்யும் கம்பெனிகளில் வேலைக்குச் சேருகிறவர்கள், அவர்களோடு குடும்பங்கள். முதல் மாதம் வீடு, இன்சூரன்ஸ், பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து கீழே இருக்கிற கேள்விகள் வர ஆரம்பிக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஃபிராங்கன் எது? பவேரியா என்றால் மியூனிக் தானே?

வரைபடத்தில் பவேரியா மாநிலத்தின் வடக்குப் பகுதி. நியூரம்பெர்க், எர்லாங்கன், ஃபோர்ஹைம், பாம்பெர்க் எல்லாம் இதற்குள் வரும். 1800களின் தொடக்கத்தில்தான் இந்தப் பகுதி பவேரியாவோடு சேர்க்கப்பட்டது, அதனால் இங்கே யாரையும் பவேரியர் என்று கூப்பிடாதீர்கள், மனதுக்குள் வருத்தப்படுவார்கள். மியூனிக்கில் பீர் என்றால் ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளை, பெரிய கம்பெனிகள், பெரிய கூடாரங்கள். இங்கே அரை லிட்டர், அதற்குப் பெயர் சைட்லா, பெரும்பாலும் மண் குவளையில் வரும், அதைக் காய்ச்சினவர் சில சமயம் நம் பக்கத்து மேஜையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவுஃப்ஸெஸ் என்று ஒரு சின்ன ஊர், சுமார் 1,500 பேர்தான், அங்கே நான்கு பீர் ஆலைகள். ஆள்தொகைக்கு அதிகமான ஆலைகள் என்று 2001இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. நான்கையும் இணைத்துச் சுமார் 14 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை இருக்கிறது, வயல், காடு, மறுபடி வயல் என்று போகும். நடக்கிறவர்களில் பாதிப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள்.

இதுதான் கிராஃப்ட் பீரா?

சின்ன அளவில், கையருகே, நல்ல மூலப்பொருள் போட்டுக் காய்ச்சுவதுதான் கிராஃப்ட் பீர் என்றால், ஆமாம், இதுதான். ஆனால் இங்கே அந்தப் பெயரை அதிகம் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இது வெறும் பீர். 1516இல் பவேரியா போட்ட தூய்மைச் சட்டத்தை எல்லோரும் சொல்வார்கள். பாம்பெர்க்கின் பிஷப் அரசர் அதற்கு 27 வருடம் முன்பே, 1489இல், மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் ஒரு பூ), தண்ணீர் தவிர வேறெதுவும் போடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார், அதைச் சொன்னால் பாம்பெர்க்காரர்கள் முகம் மலரும்.

இன்னொன்று. பாம்பெர்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வையர்மன் என்று செங்கல் நிறத்தில் ஒரு பெரிய மால்ட் ஆலை இருக்கிறது, 1879இல் தொடங்கியது. முளைகட்டிய பார்லியை விதவிதமாக வறுத்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். எங்கோ ஒரு நாட்டில் புதுமை என்று விற்கிற கிராஃப்ட் பீருக்குள் இருக்கும் மால்ட் இங்கிருந்து போனதாக இருக்கலாம். ரயிலை விட்டு இறங்கியதும் அந்த வாசனை மூக்கில் ஏறும். சத்துமாவுக்குக் கேழ்வரகும் கம்பும் வறுக்கிற வாசனைதான், வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை எதைக் கேட்க வேண்டும்?

பாம்பெர்க்கில் வுண்டர்புர்க் என்ற பகுதிக்குப் போங்கள். மார்ஸ் ப்ராய் என்ற கடை, 1670இலிருந்து இருக்கிறது. உள்ளே போய் "ஆ ஊ" என்றால் போதும், வேறு எதுவும் சொல்ல வேண்டாம். ஊ என்பது உன்கெஷ்புண்டெட் என்ற சொல்லின் முதல் எழுத்து, பீப்பாயை இறுக அடைக்காமல் முதிரவிட்ட பீர் என்று பொருள். காற்று வெளியே போய்விடுவதால் நுரைத்துப் பொங்காது, வயிறு உப்பாது, வடிகட்டாததால் லேசாகக் கலங்கலாக, ரொட்டி மாதிரி ஒரு சுவையோடு இருக்கும். நம் ஊரில் பீர் என்றால் ஐஸ் மாதிரி இருக்க வேண்டும், மடமடவென்று இறங்க வேண்டும், ஸ்ட்ராங்காக இருக்க வேண்டும் என்று பழகியவர்களுக்கு முதல் வாய் ஏமாற்றமாக இருக்கும். பொறுமையாக இருங்கள். பாதிக் குவளைக்கு வந்தபிறகு, கொஞ்சம் சூடு ஏறினதும், மால்ட்டின் இனிப்பு மேலே வரும். அதற்கு நேர் எதிரே கேஸ்மன் என்று இன்னொரு ஆலை, அங்கே பில்ஸ் என்கிற வெளிர்நிறப் பீர் நல்ல கசப்பு. தெருவைக் கடந்தால் வேறு பீர், வேறு குடும்பம், வேறு கூட்டம்.

புகை பீரை நிஜமாகவே குடிக்க முடியுமா?

முடியும், ஆனால் வெறும் வயிற்றில் வேண்டாம். ரவுக்பியர் என்று பெயர். ஒரு காலத்தில் பல ஊர்களில் முளைகட்டிய பார்லியை விறகுத் தீயின் மேல்தான் காய வைத்தார்கள், அதனால் பல பீர்களில் கொஞ்சம் புகை இருந்தது. புகை படாமல் உலர்த்தும் அடுப்பு வந்ததும் உலகம் மாறிக்கொண்டது. பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லா, ஸ்பெட்ஸியால் என்ற இரண்டு ஆலைகள் பழையதை விடவில்லை. ஷ்லெங்கர்லா வீட்டுக்கு 1405லேயே பதிவு இருக்கிறது, ஸ்பெட்ஸியால் 1536. இன்றும் பீச் மரக் கட்டையை எரித்துத்தான் மால்ட்டை உலர்த்துகிறார்கள்.

ஷ்லெங்கர்லாவில் தாழ்ந்த கூரை, கறுத்த மர உத்தரங்கள். பீப்பாய் மரத்தாலானது, மேஜை மேல் படுத்திருக்கும், குழாயைத் திறந்தால் தானாக இறங்குகிற பீர், பம்ப் கிடையாது. நிறம் கருப்பட்டிப் பாகு மாதிரி. மூக்கருகே கொண்டுபோனால் புகைபோட்ட இறைச்சி வாடை, என்னோடு வந்த மதுரைக்கார நண்பர் ஒருவர் கருவாடு என்று சொல்லிக் குவளையைத் தள்ளி வைத்துவிட்டார். மூன்று குவளை குடித்தால்தான் பிடிக்கும் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. என் அனுபவத்தில் மூன்றெல்லாம் தேவையில்லை, ஒன்று போதும், ஆனால் அதை அடைத்த வெங்காயத்தோடு சாப்பிட வேண்டும். பெரிய வெங்காயத்தைக் குடைந்து உள்ளே கொத்துக்கறி வைத்து வேகவைத்து, அதே புகை பீரில் செய்த குழம்பை ஊற்றி, மேலே ஒரு துண்டு பன்றிக்கொழுப்பு. பாம்பெர்க் வெங்காயத் தோட்டக்காரர்களின் ஊர், அதனால் வெங்காயத்துக்கு இங்கே அந்த மரியாதை. ஒரு வாய் வெங்காயம், ஒரு வாய் பீர் என்று போகும்போது புகை எங்கே போனது என்றே தெரியாது. மதுரைக்காரர் தள்ளி வைத்த குவளையை அப்புறம் திரும்ப இழுத்துக்கொண்டார்.

கெல்லர் என்றால் நிலவறை, ஏன் எல்லோரும் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஏனென்றால் நிலவறை கீழே இருக்கிறது, நாம் அதன் மேலே உட்காருகிறோம். பழைய காலத்தில் குளிர்காலத்தில் காய்ச்சின பீரைக் கோடை முழுக்கக் கெடாமல் வைக்க மணற்கல் குன்றுகளைக் குடைந்து குகைகள் வெட்டினார்கள். உள்ளே வருடம் முழுக்க 8 முதல் 10 டிகிரி. தரை சூடாகாமல் இருக்க மேலே லிண்டன், செஸ்நட் மரங்களை நட்டார்கள், நிழல் வந்தது, நிழலுக்குப் பெஞ்சு வந்தது, பெஞ்சுக்கு ஆள் வந்தார்கள். அதனால்தான் இங்கே "கெல்லருக்குள் போகிறேன்" என்று சொல்ல மாட்டார்கள், "கெல்லர் மேல் போகிறேன்" என்பார்கள். ஃபோர்ஹைமில் ஒரு காடு முழுக்க இருபதுக்கு மேல் கெல்லர்கள் படிப்படியாக ஏறிப் போகும்.

நம்மவர்களுக்குத் தெரிய வேண்டிய முக்கியமான விஷயம், பல கெல்லர்களில் சாப்பாட்டை நாமே கொண்டுபோகலாம், பானம் மட்டும் அங்கே வாங்க வேண்டும். பீர்த் தோட்டத்துக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகும் வழக்கம் பவேரியாவில் 1812இலிருந்தே வருகிறது. இங்கத்திய ஆட்கள் கூடையில் மேஜைவிரிப்பு, ரொட்டி, முள்ளங்கி, புகைபோட்ட மாட்டிறைச்சி, ஒரு சின்னக் கத்தி எல்லாம் எடுத்து வருவார்கள். நாங்கள் முதல் தடவை புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துப்போனோம். தூக்குச்சட்டியைத் திறந்ததும் பெஞ்சின் மறுமுனையில் இருந்த பாட்டி எட்டிப் பார்த்தார், மனைவி ஒரு கரண்டி வைத்தாள், அவர் தாளித்த மிளகாயை ஒதுக்காமல் அப்படியே கடித்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். போகும்போது அவருடைய தோட்டத்துச் செர்ரி ஒரு பை கொடுத்தார். அந்த வருடத்திலிருந்து செர்ரி பழுக்கும்போது நாங்கள் அவர் வீட்டுக்குப் பறிக்கப் போகிறோம்.

சாப்பாட்டில் எதைத் தவறவிடக்கூடாது?

கெண்டை மீன். ஷொய்ஃபெர்லா என்கிற பன்றித் தோள்பட்டை வறுவலை எல்லோரும் சொல்வார்கள், மேல்தோல் முறுக்கு மாதிரி நொறுங்கும், உருளைக்கிழங்கு உருண்டையும் கருங்குழம்பும் கூட வரும், அருமையான சாப்பாடுதான். நியூரம்பெர்க்கின் விரல் நீள சாசேஜ், ரொட்டிக்குள் மூன்றாக வைத்துத் தருவார்கள், அதுவும் நன்றாக இருக்கும். ஆனால் என் மனம் இருப்பது கெண்டையில்.

எர்லாங்கனுக்கு மேற்கே அய்ஷ்க்ருண்ட் என்ற பள்ளத்தாக்கு, ஆயிரக்கணக்கான குளங்கள், ஏரிப்பாசனக் கிராமத்தில் பிறந்தவனுக்கு வீட்டுக்குப் போனது மாதிரி இருக்கும். மாதத்தின் ஜெர்மன் பெயரில் r எழுத்து இருந்தால்தான் கெண்டை, அதாவது செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மூன்று கோடை வளர்ந்த மீன். பிடித்ததும் நல்ல தண்ணீரில் சில நாள் விட்டுச் சேற்று வாடையைப் போக்குவார்கள். அப்புறம் தலையிலிருந்து வால்வரை இரண்டாகப் பிளந்து, உப்பும் மிளகும் தடவி, மாவில் புரட்டி, காய்ந்த எண்ணெயில் முழுசாக இறக்குவார்கள். தட்டில் வரும்போது பாதி மீன் வில் மாதிரி வளைந்து, வால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். துடுப்பை ஒடித்து வாயில் போடுங்கள், அப்பளம் மாதிரி நொறுங்கும். முள் நிறைய, சின்னச் சின்ன முள், கையால் சாப்பிட்டால்தான் சரிப்படும், இங்கேயும் பலர் கையால்தான் சாப்பிடுகிறார்கள். இங்ராய்ஷ் என்று கேட்டால் மீன் சினையைப் பொரித்துத் தருவார்கள், கிடைத்தால் விடாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் கவனம் வேண்டும். உருளைக்கிழங்கு சாலட்டில் இறைச்சி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம், உருண்டைக்கு ஊற்றும் குழம்பு கண்டிப்பாகக் கறிக்குழம்பு. கேட்டுக்கொள்ளுங்கள். பயமில்லாமல் கேட்கக்கூடியது கெருப்ஃப்டர், பழுத்த கமாம்பேர் சீஸை வெண்ணெய், வெங்காயம், பாப்ரிகாத் தூளோடு பிசைந்தது, கருப்பு ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம். வெண்ணெய் தடவிய ரொட்டி மேல் பச்சையாக வெங்காயத்தாள் மாதிரி ஒரு கீரையை நறுக்கி மூடித் தருவார்கள், அதுவும் நல்லது. மே, ஜூனில் வெள்ளை அஸ்பாரகஸ், ஜூன் 24 வரைதான் வெட்டுவார்கள். கெல்லரில் கவலையே இல்லை, எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போங்கள்.

வேலை போய்விட்டது, அல்லது மனசு சரியில்லை. அப்போது கெல்லருக்குப் போகலாமா?

இதை நேரில் கேட்க மாட்டார்கள், இரவு பதினொரு மணிக்கு எழுதிக் கேட்பார்கள். அதனால் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

போகலாம், ஆனால் குடிக்கப் போகாதீர்கள், சாப்பிடப் போங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. 2016இல் எனக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. விசா, வீட்டு வாடகை, ஊரில் தங்கை கல்யாணக் கடன் எல்லாம் தலைக்கு மேல். அந்த இரண்டு மாதம் சூப்பர்மார்க்கெட்டில் பாட்டில் வாங்கி வந்து, மனைவி தூங்கினபிறகு சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்து குடித்தேன். அதில் சுவை எதுவும் இல்லை. மறுநாள் காலை தலை கனக்கும், விண்ணப்பம் எழுத மனம் வராது, இரவு மறுபடி பாட்டில். அம்மா போனில் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டால் பதில் சொல்ல நாக்கு எழாது. பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்கும் இயந்திரத்தில் மனைவி ஒருநாள் இரண்டு பை நிறையப் போட்டுவிட்டு, ரசீதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள், ஒன்றும் பேசவில்லை. அன்றோடு வீட்டில் பாட்டில் வாங்குவதை நிறுத்தினேன். இன்றுவரை வாங்கியதில்லை.

அதன்பிறகு எனக்கு ஒரு விதி, சாப்பாடு இல்லாமல் பீர் கிடையாது, ஆள் இல்லாமல் பீர் கிடையாது, துக்கத்துக்காகப் பீர் கிடையவே கிடையாது. துக்கம் உள்ள நாளில் அந்த மேஜைக்குப் போகலாம், ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்து தருவார்கள், அதை வாங்கிக்கொண்டு உட்காரலாம்.

2019 நவம்பரில் அப்பா இறந்தார். ஊருக்குப் போய்க் காரியம் முடித்துத் திரும்பி வந்தேன். இங்கே நான்கரை மணிக்கே இருட்டிவிடும் மாதம். எதிர் வீட்டுப் பெரியவர், அவருடைய மனைவி முந்தின வருடம்தான் போயிருந்தார், கதவைத் தட்டி "கெண்டை சாப்பிடப் போகலாம், கோட்டை மாட்டு" என்றார். அய்ஷ்க்ருண்டில் ஒரு கிராமத்துச் சத்திரம், அவர் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார், நான் பீர் வேண்டாம் என்றதும் ஏன் என்று கேட்கவில்லை, தனக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மீன் வந்தது. அப்பா காட்டுமன்னார்கோயில் சந்தையில் வீராணத்து ஏரிக்கெண்டை வாங்கி, வாழைநாரில் கோத்து, சைக்கிள் ஹேண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். வயிற்றுப் பக்கத்துத் துண்டை என் தட்டில் வைத்துவிட்டுத் தலையை அவர் எடுத்துக்கொள்வார். இங்கே தட்டில் பாதி மீன், பாதித் தலையோடு. அந்தத் தலையைப் பார்த்ததும் ஊரில் பதினாறு நாளும் வராத அழுகை வந்தது. பெரியவர் தன் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "முள் நிறைய இருக்கிறது, மெதுவாகச் சாப்பிடு" என்றார், அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் ஒன்று. தூக்கம் வராமல், தினமும் வேண்டும் என்று தோன்றி, அல்லது மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், கெல்லர், மேஜை, மீன் என்று நான் சொன்ன எதுவும் மருத்துவருக்கு ஈடாகாது. முதலில் அவரிடம் போங்கள். உங்கள் மொழியில் பேசுகிற ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், கூட வருகிறேன்.

நல்ல செய்தி வந்தால்?

யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், செலவு உங்களுடையதாக இருக்கட்டும். மகன் பிறந்தபோது எங்கள் பக்கத்துக் கெல்லரில் பெஞ்சு முழுக்க இருந்தவர்களுக்கு ஒரு சுற்று வாங்கினேன். அவர்களில் ஒருவர்தான் இன்று அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

குடிக்காதவர்கள், குழந்தைகள், ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் வரலாமா?

தாராளமாக. பல கெல்லர்களில் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும், பெற்றோர் கண்ணுக்கு எட்டுகிற தூரத்திலேயே. ஆல்கஹால் இல்லாத பீர் எங்கேயும் கிடைக்கும், ஆனால் ஜெர்மனியில் அந்தப் பெயரில் அரை சதவீதம் வரை இருக்கலாம், அறவே வேண்டாம் என்றால் 0.0 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். மனைவி கர்ப்பமாக இருந்தபோது அதைக்கூட அவள் தொடவில்லை, பழச்சாறும் சோடாவும்தான்.

அம்மா முதல் தடவை வந்தபோது, "குடிக்கிற இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறியாடா?" என்று கோபப்பட்டார். அவருக்குத் தெரிந்த குடிக்கிற இடம் டாஸ்மாக், பெண்கள் அந்தத் தெருவையே சுற்றிப் போவார்கள். நான் வாதாடவில்லை. வந்து பாருங்கம்மா என்றேன். மூன்று தலைமுறையும் ஒரே பெஞ்சில் இருந்த குடும்பங்களைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது, "யாரும் யாரையும் திட்டலையே" என்றார். அடுத்த ஞாயிறு அவரே இட்லி அவித்து, பொடி தடவி, டப்பாவில் அடுக்கித் தயாராக இருந்தார்.

எவ்வளவோடு நிறுத்த வேண்டும்? காரில் போகலாமா?

காரை எடுக்காதீர்கள். சட்டப்படி ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 புரோமில் (ஆயிரத்தில் அரைப் பங்கு) வரை, 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் புது லைசென்ஸ்காரர்களுக்கும் பூஜ்யம். ரயில் இருக்கிறது, எர்லாங்கன், ஃபோர்ஹைம், பாம்பெர்க் எல்லாம் ஒரே தடம். அளவைப் பற்றி: பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது, அதை மறைத்துவிட்டு நான் பீரைப் பற்றி எழுத மாட்டேன். பரிமாறுகிறவர் குவளைக்கு ஒரு கோடு என்று உங்கள் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையில் பென்சிலால் போட்டுக்கொண்டு போவார். என் அட்டையில் இரண்டாவது கோடு விழுந்தால் எழுந்துவிடுவேன், அதுவும் மாதத்துக்கு இரண்டு மூன்று நாள்தான். குடிக்கிற பழக்கமே இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம், ஷொய்ஃபெர்லா எலுமிச்சைச் சோடாவோடும் அதே ருசிதான்.

எந்த மாதம் வந்தால் நன்றாக இருக்கும்?

எந்த மாதமும். பிப்ரவரி, மார்ச்சில் தவக்காலம் தொடங்கியதும் நோன்புக்காலப் பீர். ஏப்ரல் கடைசியில் வெயில் வந்தால் கெல்லர்கள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறக்கும். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே சமயத்தில் எர்லாங்கன் மலைத் திருவிழா, 1755இலிருந்து நடக்கிறது, பன்னிரண்டு நாள், கடைசி இரவு ஒரு பீப்பாயைப் புதைத்து முடிப்பார்கள். ஜூன், ஜூலையில் செர்ரி, ஜூலை கடைசியில் ஃபோர்ஹைம் காட்டில் அன்னா திருவிழா. அக்டோபரில் போக் என்கிற கெட்டியான, ஆல்கஹால் கூடின பீர் திறப்பு, அதில் ஒரு குவளையோடு நிறுத்துங்கள். கிறிஸ்துமஸுக்கு ஷ்லெங்கர்லாவில் ஓக் மரப் புகையில் ஒன்று.

வேலை போன வருடமும், அப்பா போன வருடமும், மகன் பிறந்த வருடமும் இந்த வரிசை மாறவில்லை. செப்டம்பர் முதல் வாரம் கிராமத்துச் சத்திரங்களின் வாசலில் மீன் படம் போட்ட பலகை வைப்பார்கள். இந்த வருடம் யாராவது வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தச் சத்திரங்களில் இடம் கிடைக்காது, எதிர் வீட்டுப் பெரியவர் போன் செய்து நான்கு பேருக்கு மேஜை பிடித்து வைப்பார்.